தூளிக்கு அருகில் ஒரு நாவல்

வாசகர் கேள்வி – பதில்

இளம் வயதில் தாயும் தந்தையும் ஆனவர்களின் வாழ்வைச் சொல்லும் நாவல்களைப் படித்த அனுபவத்தையும், அதில் எழுந்த ஐயங்களையும் எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். அது நான் பிறந்து வளர்ந்த மண் என்பது ஒரு காரணம். இந்தப் பொருளைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிகப் பழைய வரிகளில் சில அந்த மண்ணிலேயே பாடப்பட்டவை என்பது இன்னொரு காரணம். அதைப் பதில்களுக்குள்ளேயே சொல்கிறேன்.

*

கேள்வி: எனக்கு இருபத்து மூன்று வயது, ஒன்பது மாதக் குழந்தை இருக்கிறது. என் தம்பி கிளை நூலகத்திலிருந்து ஒரு நாவலை எடுத்து வந்து கொடுத்தான். மணமான ஒரு வருடத்துக்குள் பெற்றோராகிவிட்ட இருவரையும், அவர்களைச் சுற்றியிருக்கும் கூட்டுக் குடும்பத்தையும் பற்றிய கதை. தூளியை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு நாளுக்கு நான்கைந்து பக்கம் படிக்கிறேன். பல நாள் முந்தைய நாள் படித்தது மறந்துபோய், அதே பக்கத்தை மறுபடியும் படிக்கிறேன். திருமணத்துக்கு முன் இரண்டு நாளில் ஒரு நாவலை முடித்துவிடுவேன். இப்போது நான் படிப்பது படிப்புதானா?
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: படிப்புதான், சகோதரி. அந்த நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு வேறு இருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்.

தமிழில் நாவல் என்னும் வடிவம் பெருவாரியான மக்களிடம் போய்ச் சேர்ந்ததே வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் வழியாகத்தான். ஒரு வாரத்துக்கு ஓர் அத்தியாயம். அதைப் படித்து முடித்தால் அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும். என் தாயார் அந்தப் பக்கங்களைக் கத்தரித்து, வரிசை பிசகாமல் அடுக்கி, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். ஒரே கதையை ஒன்றரை வருடம் படித்தவர்கள் அவர்கள். அந்த ஏழு நாள் இடைவெளியில் கதாபாத்திரங்கள் அவர்களுடைய அடுப்படியில் கூடவே இருந்தார்கள். கிணற்றடியில் அவர்களைப் பற்றிப் பேச்சு நடந்தது. அடுத்து என்ன நடக்கும் என்பதோடு, அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதும் விவாதிக்கப்பட்டது. இரண்டு நாளில் ஒரு நாவலை முடித்த காலத்தில் உங்களுக்குக் கிடைக்காத ஒன்று இப்போது கிடைக்கத் தொடங்கியிருக்கிறது.

தவிரவும், நீங்கள் படிக்கும் வகை நாவலில் பெரிய சம்பவங்கள் கொஞ்சம்தான் இருக்கும். ஒரு பிரசவம், முதல் காய்ச்சல், தாய்வீட்டுக்குப் போவது, திரும்பி வருவது, கணவனின் சம்பளம் எத்தனை நாளுக்கு வரும் என்னும் கணக்கு. இவ்வளவுதான் வெளியே தெரியும் கதை. உண்மையான கதை இவற்றுக்கு நடுவே, நடுராத்திரியில் குழந்தை அழும்போது யார் முதலில் எழுந்திருக்கிறார்கள், யார் விழித்திருந்தும் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார்கள், மறுநாள் காலையில் அதை யார் யாரிடம் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதில் நடக்கிறது. வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு இது படாது. முதல் முறை படிக்கும்போது பேசுகிறவர்கள் தெரிவார்கள். மறந்துபோய் இரண்டாம் முறை படிக்கும்போதுதான் அந்த அறையில் பேசாமல் நின்றவர் ஒருவர் இருந்தார் என்பது தெரியும். உங்கள் மறதி உங்களுக்கு அந்த இரண்டாம் வாசிப்பைக் கொடுத்திருக்கிறது.

நடைமுறைக்கு இரண்டு யோசனைகள். புத்தகத்தை மூடும்போது மனத்தில் நின்ற ஒரே ஒரு காட்சியை ஒரு வரியில் பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதி வையுங்கள். மறுநாள் அதைப் பார்த்ததும் விட்ட இடம் நினைவுக்கு வந்துவிடும். நூலகத்தில் கெடு முடிந்தால் தம்பியைப் புதுப்பித்து வாங்கி வரச் சொல்லுங்கள். அடுத்தவர் யாரும் கேட்டு வைத்திருக்காவிட்டால் மறுக்கமாட்டார்கள்.

மூன்றாவதாகச் சொல்லப்போவது படிப்பைப் பற்றியதாகத் தோன்றாது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் ஒரு நாவலைப் படித்து அழுவது இயல்பு. அந்த அழுகை புத்தகத்தை மூடிய பிறகும் நிற்காமல், வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டு, குழந்தையைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றாத நிலை வருமானால், அதைக் கதையின் பாதிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். வீட்டாரிடமும், உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது மருத்துவம் உள்ள ஒரு நோய். யாருடைய குற்றமும் இல்லை.

*

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன், மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். என் மனைவி படித்து முடித்த ஒரு நாவலை என்னிடம் கொடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் காட்டினாள். அதில் இருபத்தைந்து வயதுத் தந்தை ஒருவன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, தூங்கும் குழந்தையை வெறித்துப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். "இது நீங்கள்தான்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிறகு யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். எழுத்தாளர் தந்தைமாரைக் குறை சொல்கிறாரா?
— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது புறநானூற்றின் நூறாவது பாட்டு. அதைப் பாடியவர் ஔவையார். பாடப்பட்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி, தகடூரை ஆண்டவன். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. நெல்லிக்கனி கதை நம் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பாட்டு அந்த அளவுக்குத் தெரியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

அதியமானுக்கு மகன் பிறந்திருக்கிறான். அவன் போர்க்களத்திலிருந்து நேராக வந்து குழந்தையைப் பார்க்கிறான். அந்த நேரத்தில் அருகில் நின்ற ஔவையார் தாம் கண்டதை அப்படியே சொல்கிறார்: கையில் வேல் இருக்கிறது, காலில் கழல் இருக்கிறது, உடம்பில் வியர்வை, கழுத்தில் இன்னும் ஈரம் காயாத புண். புலியோடு போரிட்டு வந்த யானையைப் போல அவனுடைய சினம் மாறவில்லை. பாட்டு இப்படி முடிகிறது:

"செறுவர் நோக்கிய கண் தன்
சிறுவனை நோக்கியும் சிவப்பு ஆனாவே."

பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், தன் மகனைப் பார்த்தும் சிவப்பு ஆறவில்லை. பாட்டின் நோக்கம் வீரத்தைப் புகழ்வது. இவனோடு மோதியவர்கள் பிழைக்கப் போவதில்லை என்று ஔவையார் வெளிப்படையாகவே சொல்கிறார். உரையாசிரியர்கள் அவ்வாறே பொருள் சொல்வார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையைப் பெற்றவர் இந்த வரியைப் படிக்கும்போது வேறொன்றும் கண்ணில் படுகிறது. அவன் குளித்து, உடை மாற்றி, புண்ணுக்கு மருந்திட்டுக்கொண்டு வரவில்லை. வேலைக் கீழே வைக்கக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறான். மகனைக் காண அவ்வளவு அவசரம். கால்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. கண்கள் இன்னும் வரவில்லை. அவனுக்கு அன்பு இல்லை என்று அந்தப் பாட்டைப் படித்தவர் யாராவது சொல்வார்களா?

இரவு ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் தலையைச் சாய்த்தபடி வந்து, விடியும் நேரத்தில் கதவைத் திறக்கிற ஒருவரின் காதில் இயந்திரத்தின் இரைச்சல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்; மேற்பார்வையாளர் சொன்ன சொல் நெஞ்சில் முள்ளாக நிற்கும். அந்தக் கண்ணோடு தூளியைப் பார்க்கிறவருக்கு உடனே கொஞ்சத் தோன்றாது. உங்கள் நாவலாசிரியர் அதைத்தான் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். குறை சொல்ல வேண்டுமென்றால் அவன் குழந்தையைப் பார்க்காமலே படுத்தான் என்று எழுதியிருப்பார். வெறித்துப் பார்த்தான் என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நீங்கள் மூன்று முறை படித்தீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் மனைவி அந்தப் புத்தகம் முழுவதையும் உங்கள்மேல் வீசவில்லை. ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். மனத்தில் நெடுநாளாக இருந்த ஒன்றைச் சொல்ல அவருக்குச் சொந்தச் சொற்கள் கிடைக்காதபோது, வேறு யாரோ எழுதிய பக்கம் கிடைத்திருக்கிறது. நீங்கள் கோபப்பட்டதை அவர் பார்த்தார். தனியே மூன்று முறை படித்ததை அவர் பார்க்கவில்லை. அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் நாவலை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். அந்தத் தந்தைக்கும் ஒரு காலை விடுமுறையாக வாய்த்திருக்கலாம். அந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று தேடி நீங்கள் அவருக்குக் காட்டலாம்.

*

கேள்வி: துயரமான முடிவு இருக்குமோ என்ற அச்சத்தில் குடும்ப நாவல்களின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுகிறேன். இதனால் சுவை கெடுமா?
— ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: கெடாது. இராமன் முடி சூடுவான் என்று தெரிந்துகொண்டேதான் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கதை கேட்கிறார்கள். குழந்தை பிழைத்ததா என்று தெரிந்துகொண்டு நிம்மதியாக முதல் பக்கத்துக்கு வருவது உங்களுக்கு ஒத்துவந்தால் அப்படியே செய்யுங்கள். முடிவைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள். அது மட்டும் போதும்.

*

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான் படித்த நாவலின் நாயகிக்குப் பதினாறு வயதில் மணம் முடித்துவிடுகிறார்கள்; அடுத்த வருடமே தாயாகிறாள். அவள் குழந்தையைக் கொஞ்சும் பக்கங்களில் என் மனம் கரைந்துபோனது. அந்தப் பக்கங்களை ரசிப்பதே தவறு என்று என் தோழி சொல்கிறாள். எங்களோடு பத்தாம் வகுப்பு படித்த இருவருக்கு அப்படித்தான் மணம் நடந்தது. யார் சொல்வது சரி?
— ஒரு மாணவி, அரூர்

பதில்: உங்கள் மனம் கரைந்ததில் தவறில்லை, உங்கள் தோழியின் கவலையிலும் தவறில்லை. நம் இரண்டு மாவட்டங்களிலும் இது கதைக்குள் மட்டும் நடக்கிற காரியமாக இருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

1929ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்று வைத்தது. 1978ஆம் ஆண்டு அது பதினெட்டாக உயர்ந்தது. 2006ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என்பதை உறுதிசெய்து, அதை மீறி நடத்தி வைப்பவர்களுக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. இருந்தும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில், தூரத்துக் கோயில் ஒன்றில், ஓசையில்லாமல் தாலி கட்டி முடிக்கப்படும் திருமணங்களைப் பற்றி நாம் கேள்விப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். உடம்பு முழுவதும் வளர்ந்து முடியாத பெண்ணுக்குப் பிரசவம் என்பது இரத்தசோகை, உயர் இரத்த அழுத்தம், எடை குறைந்த குழந்தை என்று பல ஆபத்துகளைக் கொண்டுவருவது.

ஆகவே அந்த நாவலிடம் நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்தக் கொஞ்சலுக்கு அவள் கொடுத்த விலை எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அவள் விட்டுவந்த வகுப்பறை கதையில் எங்காவது திரும்ப வருகிறதா? குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது, சைக்கிளில் பள்ளிக்குப் போகும் தோழிகளின் மணியோசை அவள் காதில் விழுகிறதா? அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாளா, பார்க்காமல் இருக்க முயல்கிறாளா? இவை இருந்தால் அந்த எழுத்தாளர் அவளுடைய தாய்மையையும் அவள் இழந்ததையும் ஒரே பெண்ணின் வாழ்வாகப் பார்த்திருக்கிறார். நீங்கள் கரைந்தது நேர்மையான ஓர் எழுத்தின் முன்னால். கொஞ்சல் மட்டுமே இருந்து விலை எங்குமே சொல்லப்படவில்லை என்றால், உங்கள் கண்ணீரை எழுத்தாளர் சுலபமாக வாங்கிக்கொண்டுவிட்டார் என்று பொருள். தோழி பக்கம்தான் நானும் நிற்பேன். புத்தகத்தை இருவருமாக மறுபடி படித்து, பக்கம் சுட்டிப் பேசுங்கள்.

அந்த இரண்டு வகுப்புத் தோழியரும் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. போய்ப் பார்த்து வாருங்கள். தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுத வழியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். உங்கள் தெருவில் இனி இப்படி ஒரு மணம் நிச்சயமாவது தெரிந்தால், 1098 என்னும் இலவச எண்ணுக்குப் பேசுங்கள்.

*

கேள்வி: எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். என் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. நான் தமிழில் படிக்கும் நாவலை ஒவ்வொரு நாள் சாயங்காலமும் அவருக்கு எங்கள் பேச்சில் கதையாகச் சொல்லிவருகிறேன். சில இடங்களில் அவர், "அந்தப் பெண் அப்படிச் செய்திருக்க மாட்டாள்" என்று கதையையே மாற்றச் சொல்கிறார். நாவலைக் கெடுக்கிறேனோ?
— ஒரு வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் மகிழ்வித்தது உங்களுடையதுதான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்கும் ஊரில், அச்சில் இருந்த ஒரு கதையை நீங்கள் திண்ணைக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

கதையை மாற்றச் சொல்லும்போது மாற்ற வேண்டாம், "பின் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள், அத்தை?" என்று கேளுங்கள். உங்கள் அத்தையும் ஒரு காலத்தில் பச்சை உடம்போடு அந்த வீட்டில் படுத்திருந்த இளம்பெண்தான். பத்தியச் சோற்றை யார் வடித்துக் கொடுத்தார்கள், முதல் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் எத்தனை மைல் நடந்தார்கள், அன்றைக்கு அவருடைய மாமியார் என்ன சொன்னார் என்பதெல்லாம் இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். நாவலில் வரும் பெண்ணைப் பற்றிச் சண்டை போடுவதுபோலத் தம் கதையை அவர் சொல்லத் தொடங்குவார். அன்றைக்கு நாவல் அத்தியாயம் நகராவிட்டால் போகட்டும்.

*

கேள்வி: மணமாகிப் பன்னிரண்டு வருடங்கள் ஆகின்றன, எங்களுக்குக் குழந்தை இல்லை. பிள்ளை வளர்ப்பைச் சொல்லும் நாவல்களை நான் விரும்பிப் படிக்கிறேன். அதைப் பார்க்கும் உறவினர்கள், "இதைப் படித்து எதற்கு மனத்தை வருத்திக்கொள்கிறாய்" என்கிறார்கள். இவை பெற்றவர்களுக்கு மட்டும் உரிய புத்தகங்களா? அடுத்து எதைப் படிக்கலாம் என்றும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, ஊத்தங்கரை

பதில்: மேலே அதியமான் பாட்டைச் சொன்னேன். அதே ஔவையார் அதே அதியமானிடம் இன்னொரு பாட்டில், குழந்தையின் மழலை யாழிசையோடு ஒத்துவராது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆனாலும் தந்தையருக்கு அருள் சுரக்கச் செய்யும் என்கிறார். தம் சொல்லையும் அவன் அப்படித்தான் ஏற்றுக்கொள்கிறான் என்று முடிக்கிறார். அது புறநானூற்றின் 92ஆம் பாட்டு. இந்த இரண்டு பாட்டுகளையும் அவர் தாயின் குரலில் பாடவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவரின் குரலில் பாடினார்.

நீங்கள் கேட்ட "அடுத்து எதை" என்பதற்கும் அந்த வழியிலேயே பதில் சொல்கிறேன். குறுந்தொகையின் 167ஆம் பாட்டைப் படியுங்கள். புதிதாக மணமான பெண் ஒருத்தி, தயிர் பிசைந்த விரலை உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளித்த புகை கண்ணை நிறைக்க, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் "இனிது" என்று உண்கிறான். அவள் முகம் பிறர் அறியாத அளவுக்கு நுண்மையாக மகிழ்கிறது. அந்த நுண்மையான மகிழ்ச்சியைக் கண்டுபிடித்தவள், அவளைப் பெறாமல் வளர்த்து, அந்த வீட்டுக்குப் போய்வந்த செவிலித்தாய்.

பிறகு ஐங்குறுநூற்றின் 401ஆம் பாட்டு. அதைச் சொல்பவளும் செவிலிதான். பெற்றவளிடம் திரும்பி வந்து, தான் கண்டதைச் சொல்கிறாள். அவள் அந்தப் பெண்ணைப் பெறவில்லை. பெண்ணின் பிள்ளையையும் பெறவில்லை. அந்த வீட்டில் கணவன், மனைவி, பிள்ளை மூவரும் படுத்திருப்பதைப் பார்த்தாள். பார்த்ததற்கு உவமை தேடினாள். குட்டியை நடுவில் கிடத்திய மானும் பிணையும் அவளுக்குக் கிடைத்தன. ஒரு நாவலின் முன்னால் நீங்களும் நானும், பத்துப் பிள்ளை பெற்றவரும், நிற்கிற இடம் அவள் நின்ற அந்த இடம்தான். உறவினர்கள் மறுமுறை கேட்டால், இந்த வரிகளை அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள்:

"மறியிடைப் படுத்த மான்பிணை போலப்
புதல்வன் நடுவணன் ஆக, நன்றும்
இனிது மன்ற அவர் கிடக்கை."